தோல்பெட்டி பிலிம்ஸ்

ஆம்பூர்
2.12.2024

தம்பி கிருஷ்ணராஜுக்கு,

நீ செய்தது திருட்டு. இதற்கு வேறு பெயர் இல்லை. போன செவ்வாய்க்கிழமை நான் வேலூர் ஆஸ்பத்திரியில் வலது கண்ணில் கட்டோடு படுத்திருந்தபோது நீ ஆம்பூர் வந்து, உன்னிடம் இருக்கும் சாவியால் நம் கம்பெனியைத் திறந்து, ஆறு கேமரா லென்ஸை எடுத்துக்கொண்டு போயிருக்கிறாய். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஒரு சீட்டுகூட எழுதி வைக்கவில்லை.

கீழே செல்போன் கவர் கடை வைத்திருக்கும் இரம்தான் சொன்னாள். "தம்பி வந்து எடுத்துட்டு போய்ட்டாருக்கா. பெட்டியெல்லாம் வேணாம்னுட்டாரு. டவல்ல சுத்தி பையில போட்டுக்கினாரு." நம்பாமல் மாடிக்குப் போய்ப் பார்த்தேன். நான் கையால் தைத்த ஆறு தோல் பெட்டிகளும் மூடி திறந்தபடி தரையில் கிடந்தன. லென்ஸை எடுத்ததை என்றைக்காவது மன்னிப்பேனோ என்னவோ. பெட்டியைத் தரையில் போட்டுவிட்டு, கண்ணாடியைக் குளிக்கிற துண்டில் சுற்றிக்கொண்டு போனதை மன்னிக்க மாட்டேன்.

அதற்குப் பிறகு பதினோரு தடவை போன் செய்தாய். நான் எடுக்கவில்லை. இனியும் எடுக்க மாட்டேன். போனில் இன்று ஒன்று சொல்வாய், நாளைக்கு அப்படிச் சொல்லவே இல்லை என்பாய். எதுவானாலும் காகிதத்தில் எழுதி அனுப்பு. நானும் அப்படியே செய்கிறேன். இது பதிவுத் தபால், கையெழுத்துப் போட்டு வாங்கியிருப்பாய்.

பிப்ரவரி பத்தாம் தேதி ஆஃப்ரீன் படப்பிடிப்பைத் தொடங்குகிறாள். இயக்குநராக அவளுக்கும் முதல் படம், நம் கம்பெனிக்கும் முதல் படம், ஒளிப்பதிவாளராக உனக்கும் முதல் படம். ஹம்மாத் பாய் மூடிக் கிடக்கும் தன் ஷூ யூனிட்டைப் பன்னிரண்டு நாள் நமக்குக் கொடுத்திருக்கிறார். அதற்கு மேல் வேறு கம்பெனிக்காரர்கள் மெஷினை இறக்கிவிடுவார்கள். அப்புறம் நோன்பு வந்துவிடும். இந்தப் பன்னிரண்டு நாளை விட்டால் படம் இல்லை. படம் இல்லையென்றால் கம்பெனியும் இல்லை. இதெல்லாம் தெரிந்தேதான் எடுத்திருக்கிறாய்.

ஏழாவது லென்ஸான எழுபத்தைந்து எம்.எம். என் வீட்டு பீரோவில் இருக்கிறது. ஆபரேஷனுக்கு முன்னால் பழகிப் பார்க்க எடுத்து வந்தேன். நீ தேடியிருப்பாய். கிடைத்திருக்காது.

உன் சர்க்கரையைப் பற்றிக் கேட்கக் கூடாது என்றுதான் இருந்தேன். எப்படி இருக்கிறது என்று எழுது.

சம்பூர்ணம்


சாலிகிராமம், சென்னை
9.12.2024

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. கண்ணில் தண்ணீர் படாமல் பார்த்துக்கொள்கிறாயா? அடுப்புப் பக்கம் போகாதே. என் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது. காலையில் நடக்கிறேன்.

லென்ஸ் ஆறும் பத்திரமாக இருக்கின்றன. படப்பிடிப்புக்கு முன்னால் நானே கொண்டு வருவேன். சொல்லாமல் எடுத்தது தப்புதான். ஒரு வேலை இருந்தது. அதற்கு மேல் இப்போது கேட்காதே.

எழுபத்தைந்து உன்னிடம் இருப்பதாக எழுதியிருக்கிறாய். அதைப் பெட்டியில் வைக்காதே. வெளியே எடுத்து, இரண்டு பக்க மூடியையும் கழற்றி, நேர் வெயில் படாமல் நல்ல வெளிச்சமும் காற்றும் வருகிற இடத்தில் வை. யாராவது சென்னைக்கு வந்தால் கொடுத்து அனுப்பினால் இன்னும் நல்லது.

அங்கே மழை எப்படி? கம்பெனி அறையில் சுவர் ஊறியிருக்கிறதா?

உன் தம்பி
கிருஷ்ணராஜ்


ஆம்பூர்
14.12.2024

கிருஷ்ணராஜ்,

கண் நன்றாக இருக்கிறது. இரம் மூன்று வேளையும் வந்து சொட்டு மருந்து விடுகிறாள். ஜனவரியில் கண்ணாடி எழுதிக் கொடுப்பார்கள். என் உடம்பைப் பற்றி நீ இதற்கு மேல் விசாரிக்க வேண்டாம்.

"ஒரு வேலை இருந்தது" என்று எழுதியிருக்கிறாய். அந்த லென்ஸ்களுக்கு இருக்கிற ஒரே வேலை ஆஃப்ரீன் படம். அந்த வேலை ஆம்பூரில்தான் இருக்கிறது.

கம்பெனி எப்படி ஆரம்பித்தது என்பது உனக்கு மறந்துவிட்டது போலிருக்கிறது. ஷூ கம்பெனியில் முப்பத்தெட்டு வருஷம் வேலை பார்த்து நான் வெளியே வந்தபோது, நீ இருபத்தைந்து வருஷத்துக்கு மேல் சென்னையில் மற்றவர்களுடைய கேமராவைத் துடைத்துக்கொண்டிருந்தாய். ஒரு படத்திலாவது ஒளிப்பதிவு என்று உன் பெயர் வந்ததா? ஏலகிரிக்கும் ஜவ்வாது மலைக்கும் வேலூர் கோட்டைக்கும் படம் எடுக்க வருகிறவர்கள் ஒரு ஸ்டாண்டு உடைந்தால்கூடச் சென்னைக்கு ஆள் அனுப்புகிறார்கள், நடுவில் ஒரு வாடகைக் கடை போட்டால் நாமும் பிழைக்கலாம், நம் படத்தையும் நாமே எடுக்கலாம் என்று சொன்னது நீ. நான் நம்பினேன். எட்டாவதோடு நின்றவள், லென்ஸோடு வந்த இங்கிலீஷ் புத்தகத்தை அகராதி வைத்துக்கொண்டு ஒவ்வொரு சொல்லாகப் படித்தேன். இப்போது என்னிடம் வாடகைக்கு வரும் பையன்கள் பாதிப் பேருக்குத் தெரியாதது எனக்குத் தெரியும்.

ஊர் சிரித்தது. தோல் கம்பெனி ஊரில் பிலிம் கம்பெனியா என்றார்கள். அதற்காகவேதான் தோல்பெட்டி பிலிம்ஸ் என்று பெயர் வைத்தேன். சென்னையில் எந்தக் கடையிலும் லென்ஸ் தோல் பெட்டியில் வராது. நம்மிடம் வரும். ஹம்மாத் பாயின் கடைசி லாட்டிலிருந்து நானே பொறுக்கிய, மரப்பட்டையில் பதம் செய்த மாட்டுத்தோல். உள்ளே மெத்தைக்கு ஆட்டுத்தோல். ஏழு பெட்டி தைக்க நான்கு மாதம் ஆனது. மாதம் ஒரு தடவை எண்ணெய் தடவிப் பார்த்துக்கொண்டேன். முதல் பெட்டியை உன் கையில் கொடுத்த அன்று நீ அழுதாய். அதே பெட்டியில் லென்ஸ் வைக்காதே என்று இன்றைக்கு எனக்கே எழுதுகிறாய்.

தோலைப் பற்றி எனக்கு யாரும் சொல்லித் தர வேண்டாம். 1998-ல், தோல் சரக்கைப் பார்த்து பாஸ் செய்கிற வேலையில் நான் இருந்தபோது, ஒரு மேனேஜர் சொல்லித் தரப் பார்த்தான். ஐப்பசி மழையில் சரக்கு காயவில்லை, இப்போது கட்டாதே என்று சொன்னேன். கட்டினான். கன்டெய்னர் முழுக்கப் பூஞ்சை பிடித்துத் திரும்பி வந்தது. நான்தான் பார்த்து பாஸ் செய்தேன் என்று ஒரு காகிதத்தை நீட்டினான். நான் கையெழுத்துப் போடவில்லை. ஆறு வருஷம் நூல் கத்தரிக்கிற மேசையில் உட்கார வைத்தார்கள். உட்கார்ந்தேனே தவிர கையெழுத்துப் போடவில்லை. அப்படிப்பட்டவளிடம் பெட்டியைப் பற்றிப் பேசுகிறாய்.

எழுபத்தைந்து பெட்டியில்தான் இருக்கிறது, பெட்டியில்தான் இருக்கும். மழை ஈரம் படாமல் மேலே பிளாஸ்டிக் கவரும் சுற்றி பீரோவைப் பூட்டிவிட்டேன். நீ ஆறையும் கொண்டு வந்து வைக்கும்வரை அதை உன் கண்ணில் காட்ட மாட்டேன்.

சுவர் ஊறவில்லை. நீ ஏன் சுவரைப் பற்றிக் கேட்கிறாய் என்று புரியவில்லை.

சம்பூர்ணம்


சாலிகிராமம்
30.12.2024

அன்புள்ள அக்காவுக்கு,

பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. நான்கு தடவை எழுதிக் கிழித்தேன். நான் நலம். உன் கண்ணில் சிவப்பு குறைந்ததா?

லென்ஸ்களை ஒரு பெரிய படக் கம்பெனி வாடகைக்குக் கேட்டது. அவசரமாகக் கொடுத்தேன். ஜனவரி கடைசியில் திரும்பி வந்துவிடும்.

இத்துடன் பார்சலில் ஒரு பெட்டி அனுப்புகிறேன். ஓரத்தில் ரப்பர் வைத்தது, காற்றுப் புகாது. உள்ளே சின்னப் பொட்டலங்கள் இருக்கும், அவற்றை எடுத்துவிடாதே. எழுபத்தைந்தை அதற்குள் வை. கவரையும் தோல் பெட்டியையும் கழற்றிவிட்டு வை. உன் பெட்டி மேல் எனக்கு மரியாதை இல்லை என்று நினைக்காதே அக்கா. தயவுசெய்து வை.

கிருஷ்ணராஜ்


ஆம்பூர்
6.1.2025

கிருஷ்ணராஜ்,

புது வருஷம் பிறந்திருக்கிறது. அதற்கான நல்ல வார்த்தையை இந்தக் கடிதத்தில் எதிர்பார்க்காதே. நான் சௌக்கியம்.

உன் பிளாஸ்டிக் பெட்டியை அதே பார்சல் ஆபீஸில் திருப்பிக் கொடுத்துவிட்டேன். சோறு கட்டுகிற டப்பா மாதிரி இருந்தது. உள்ளே பார்த்தால் ஷூ டப்பாவில் ஈரத்துக்குப் போடுகிற பொட்டலம். முப்பத்தெட்டு வருஷத்தில் அந்தப் பொட்டலத்தை எத்தனை லட்சம் ஜோடிக்குள் போட்டிருப்பேன் என்று எனக்கே தெரியாது. அதை எனக்குத் தபாலில் அனுப்புகிறாய்.

இரண்டாவது, நீ பொய் சொல்கிறாய். எடிட்டரைப் பார்க்க சென்னைக்கு வந்த ஆஃப்ரீன் உன்னையும் பார்க்க வந்திருக்கிறாள். வடபழனியில் ஒரு சந்தில், லென்ஸ் மெக்கானிக் கடையில், நீ முக்காலி போட்டு உட்கார்ந்திருந்தாயாம். எதிரே மேசையில் நம் லென்ஸைத் துண்டு துண்டாகப் பிரித்து வெள்ளைத் துணியில் பரப்பியிருந்தாயாம். அவளைப் பார்த்ததும் துணியை இழுத்து மூடினாயாம். என்னிடம் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டாயாம். அந்தப் பெண் பத்து நாள் சொல்லாமல் இருந்தாள். நேற்று நான் கேட்ட கேள்வியில் சொல்லிவிட்டாள். அவள் மேல் கோபப்படாதே.

பெரிய படக் கம்பெனிக்கு வாடகைக்குப் போன லென்ஸ் மெக்கானிக் மேசையில் ஏன் துண்டாகக் கிடக்கிறது? பிரித்து விற்கிறாயா? முழுசாக விற்றால் நம்பரை வைத்து நான் கண்டுபிடித்துவிடுவேன் என்றா?

நேற்று பஜாரில் ஆட்டோக்காரன் ஒருத்தன் கேட்டான். "இன்னாக்கா, தோல்பெட்டி பிலிம்ஸ்ல பிலிம் போய்ட்டுச்சாம், பெட்டிதான் மிச்சமாம்?" சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். "பெட்டி இருக்குது, வந்து படுத்துக்கிறியா" என்று கேட்டேன். அடங்கிவிட்டார்கள். ஆனாலும் வீட்டுக்கு வருகிற வழியெல்லாம் அந்தச் சிரிப்பு கூடவே வந்தது. அதை நீதான் அனுப்பி வைத்தாய்.

கேட்டுக்கொள். ஜனவரி முப்பத்தொன்றுக்குள் ஆறு லென்ஸும் முழுசாக ஆம்பூரில் இருக்க வேண்டும். இல்லையென்றால் கம்பெனிப் பலகையிலிருந்து உன் பெயரை நானே சுரண்டி எடுப்பேன். வாலாஜாபேட்டையில் கல்யாண வீடியோ எடுக்கிற ஒருவரிடம் பேசி வைத்திருக்கிறேன். கிடைக்கிற கேமராவில், கிடைக்கிற கண்ணாடியில், அவர் இந்தப் படத்தை எடுப்பார். ஒளிப்பதிவு என்று அவர் பெயர் வரும். நீ இன்னும் இருபத்தெட்டு வருஷம் துடைத்துக்கொண்டிரு.

சம்பூர்ணம்


சாலிகிராமம்
11.1.2025

அக்கா,

வாடகைக்குக் கொடுத்தேன் என்றது பொய். விற்கவில்லை, விற்கவும் மாட்டேன். ஒரு திருகாணிகூடக் குறையாமல் கொண்டு வருவேன். உன்மேல் சத்தியமாக இதை எழுதுகிறேன்.

வாலாஜாபேட்டைக்காரரைப் போட வேண்டுமென்றால் போட்டுக்கொள். பலகையில் என் பெயரைச் சுரண்டினாலும் சரி. எல்லாம் உன் இஷ்டம். எனக்கு ஒன்றே ஒன்று செய். பீரோவைத் திற. கவரைக் கிழி. எழுபத்தைந்தைப் பெட்டியிலிருந்து வெளியே எடுத்து வை. ஒவ்வொரு நாளும் கணக்கு அக்கா. காரணம் கேட்காதே. என்னைத் திருடன் என்றே நினைத்துக்கொண்டு இதை மட்டும் செய்.

பொங்கலுக்கு வரவில்லை. வேலை முடியவில்லை. நீ தனியாக இருப்பாய் என்பது தெரியும். இரம் வீட்டுக்கு ஒரு பாத்திரம் பொங்கல் கொடுத்து அனுப்பு, வருஷா வருஷம் கொடுப்பது நின்றுபோக வேண்டாம்.

கிருஷ்ணராஜ்


ஆம்பூர்
22.1.2025

கிருஷ்ணராஜ்,

நேற்று புதுக் கண்ணாடி வந்தது. இன்று காலை ஆஃப்ரீன் ஹம்மாத் பாயின் யூனிட்டில் டெஸ்ட் எடுக்க வந்தாள். கேமரா இருக்கிறது, லென்ஸ் ஒன்றுதான் இருக்கிறது, அதையாவது போட்டுப் பார்க்கலாம் என்று பீரோவைத் திறந்தேன்.

மானிட்டரில் படம் பால் ஊற்றினாற்போல் இருந்தது. ஆஃப்ரீன் மானிட்டரைத் துடைத்துப் பார்த்தாள். அப்புறம் "நல்லாருக்குக்கா, கனவு மாரி இருக்குது" என்றாள். எனக்கு அந்த மரியாதை பிடிக்கவில்லை. லென்ஸைக் கழற்றி, பின்பக்கமாக டார்ச் அடித்துப் பார்த்தேன்.

முப்பத்தெட்டு வருஷம் நான் எந்த வெள்ளைப் பூஞ்சை நூலைத் தேடித் தேடித் தோலைத் தள்ளினேனோ, அது கண்ணாடிக்குள் படர்ந்திருந்தது. நடுவிலிருந்து ஓரம் வரைக்கும். பெட்டியின் ஆட்டுத்தோல் மெத்தையில் மூக்கை வைத்தேன். அதே வாசனை. 1998 வாசனை.

மற்ற ஆறிலும் இதுதானா? ஏன் என்னிடம் சொல்லவில்லை?

சம்பூர்ணம்


சாலிகிராமம்
27.1.2025

அன்புள்ள அக்காவுக்கு,

ஆமாம், ஆறிலும் இதுதான்.

நவம்பர் கடைசியில் ஒரு குறும்படக்காரர் நம் கடையிலிருந்து எடுத்துப் போய்த் திருப்பிக் கொடுத்த ஐம்பதைப் பற்றி எனக்கு போன் செய்தார். படம் மங்கலாக இருக்கிறது, பாருங்கள் என்றார். உனக்கு ஆபரேஷன் என்பதால் உன்னிடம் சொல்ல வேண்டாம் என்று நானே வந்து பார்த்தேன். டார்ச் அடித்ததும் தெரிந்துவிட்டது. அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன். பெட்டிகள் தரையில் கிடந்தது அதனால்தான். தூக்கிப் போடவில்லை.

இந்த வேலையில் இருக்கிற யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். தோல் ஈரத்தை வாங்கி வைத்துக்கொள்ளும். எண்ணெய் தடவினால் பூஞ்சைக்கு அது சாப்பாடு. அதற்குள் மூடி வைத்தால், மழைக்காலத்தில் கண்ணாடிக்குள் வேர்விட்டு மேல்பூச்சைத் தின்றுவிடும். ஆரம்பத்தில் திறந்து துடைத்தால் தப்பிக்கும். விட்டால் கண்ணாடியையே அரித்துவிடும். அதனால்தான் எழுபத்தைந்தைக் கேட்டுக்கொண்டே இருந்தேன்.

வடபழனி மெக்கானிக் வயதானவர், கை நடுங்குகிறது. பிரிப்பதும் கோப்பதும் நான், எதைத் தொடலாம், எதைத் தொடக் கூடாது என்று சொல்வது அவர். நான்கு லென்ஸ் சுத்தமாகிவிட்டது. இருபத்தைந்தில் ஒரு ஓரத்தில் கறை நின்றுவிட்டது, படத்தில் தெரியாது. நூறில் மேல்பூச்சு போய்விட்டது. எதிரே வெளிச்சம் இருந்தால் படம் வெளுக்கும்.

ஏன் சொல்லவில்லை என்று கேட்கிறாய். 1998-ல் நீ கையெழுத்துப் போடாமல் வீட்டுக்கு வந்த அன்று நான் சென்னையிலிருந்து வந்திருந்தேன். எனக்கு இருபத்தைந்து வயது. நீ புடவைகூட மாற்றாமல் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாய். "நா பாஸ் பண்ணலடா, நா பண்ணல" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தாய். அந்தப் பூஞ்சையையே உன் பெட்டிக்குள் பார்த்தபோது, இதை உன்னிடம் சொல்கிற வாய் என் வாயாக இருக்கக் கூடாது என்று நினைத்தேன். எல்லாவற்றையும் துடைத்துக் கொண்டு வந்து வைத்துவிட்டால் உனக்குத் தெரியாமலே போய்விடும் என்று நினைத்தேன்.

இன்னொன்றும் இருக்கிறது. அதை எழுதாமல் விட்டால் இந்தக் கடிதமும் பொய்தான். முதல் பெட்டியை நீ என் கையில் கொடுத்த அன்றே எனக்குத் தெரியும், இதில் லென்ஸ் வைக்கக் கூடாது என்று. இருபத்தெட்டு வருஷம் கேமரா அசிஸ்டெண்டாக இருந்தவனுக்கு அது தெரியாதா? தையலைப் பார்த்தேன், உன் விரலில் ஊசி குத்திய காய்ப்பைப் பார்த்தேன். சொல்ல வாய் வரவில்லை. அழுதேன். நீ சந்தோஷத்தில் அழுகிறேன் என்று நினைத்துக்கொண்டாய்.

லென்ஸ் பிப்ரவரி எட்டாம் தேதி வந்துவிடும். நான் வரலாமா கூடாதா என்று நீ எழுது.

கிருஷ்ணராஜ்


ஆம்பூர்
30.1.2025

தம்பி கிருஷ்ணராஜுக்கு,

நான் நலம். இரண்டு நாள் சாப்பாடு இறங்கவில்லை, இன்று சாப்பிட்டேன். நீயும் வேளைக்குச் சாப்பிடு. பிரிக்கிற வேலையில் உட்கார்ந்தால் உனக்குப் பசி தெரியாது, சர்க்கரை இறங்கிவிடும்.

உன்னைத் திருடன் என்று எழுதியதைத் திரும்பப் பெறுகிறேன். அதற்காக உன் மேல் குற்றம் இல்லை என்று நினைக்காதே. முதலில் எழுதியதைவிடப் பெரிய குற்றம் இருக்கிறது. 1998-ல் நான் செய்யாத தப்பை என் தலையில் கட்டினார்கள். இப்போது நான் செய்த தப்பை என் கையிலிருந்து நீ பிடுங்கிக்கொண்டாய். எனக்கு இரண்டும் ஒன்றுதான். நான் என்ன செய்தேன், என்ன செய்யவில்லை என்பதை இரண்டு தடவையும் வேறு யாரோ முடிவு செய்தார்கள். அந்த மேனேஜருக்கு என்னைப் பிடிக்காது. உனக்கு என்னைப் பிடிக்கும். நூல் கத்தரிக்கிற மேசையில் உட்கார்ந்தவளுக்கு அதனால் என்ன வித்தியாசம்?

நீ ஒரு வரி எழுதியிருந்தால் போதும். "அக்கா, உன் பெட்டி லென்ஸைத் தின்கிறது." கத்தியிருப்பேன். உன்னைச் சாபம்கூட விட்டிருப்பேன். அன்று மாலையே பீரோவைத் திறந்திருப்பேன். எழுபத்தைந்து பிழைத்திருக்கும். அது செத்ததில் பாதி என் பிடிவாதம், பாதி உன் பாசம். என் பாதிக்கு நான் பொறுப்பு. உன் பாதிக்கு நீ பொறுப்பு.

கண்ணில் புரை இருந்தது, அதனால் பூஞ்சை தெரியவில்லை என்று நான் சாக்குச் சொல்லப் போவதில்லை. மழைக்காலத்தில் தோல் என்ன செய்யும் என்று எனக்குத் தெரியும். கண்ணாடியை அது தொடாது என்று யாரையும் கேட்காமல் நானே முடிவு செய்தேன். புத்தகத்தில் நான் படிக்காமல் விட்ட ஒரே பக்கம் பராமரிப்பு. பெட்டியில் வைத்துப் பாதுகாப்பதைப் பற்றித்தானே, எனக்குத் தெரியாததா என்று தள்ளிவிட்டேன். நேற்று அகராதி வைத்துக்கொண்டு படித்தேன். தோல் பெட்டியில் வைக்காதே என்று இரண்டாவது வரியிலேயே போட்டிருக்கிறது.

அதற்காகக் கம்பெனியை மூடுவேன் என்று யாராவது நினைத்தால் வந்து என் எதிரில் சொல்லட்டும். பெயரும் மாறாது. தோல்பெட்டி பிலிம்ஸ் என்ற பலகை அப்படியே இருக்கும். பெட்டி எங்கே என்று கேட்கிறவனுக்கு, நடந்ததைச் சொல்ல நான் இருக்கிறேன்.

இனி ஆக வேண்டியதை எழுதுகிறேன். யார் யார் செய்ய வேண்டும் என்பதையும் எழுதுகிறேன். இதில் பேரம் இல்லை.

லென்ஸ் ஆறையும் எட்டாம் தேதி நீயே கொண்டு வர வேண்டும். நான் திருப்பி அனுப்பிய பிளாஸ்டிக் பெட்டியில் வைத்து, பொட்டலங்களோடு கொண்டு வா. பஸ்ஸில் மேலே போடாதே, மடியில் வைத்துக்கொள்.

வாலாஜாபேட்டைக்காரரிடம் வேண்டாம் என்று நான் சொல்லிவிட்டேன். கேமராவுக்குப் பின்னால் நீதான் நிற்க வேண்டும். டைட்டிலில் ஒளிப்பதிவு கிருஷ்ணராஜ் என்று வர வேண்டும். எழுத்து மற்றவர்கள் பெயர் அளவுக்கே இருக்க வேண்டும், சின்னதாகப் போடச் சொல்லி நீ அடக்கம் காட்டக் கூடாது.

நூறை ஜன்னல் பக்கம் திருப்பக் கூடாது. எந்தெந்தக் காட்சி என்று நீயும் ஆஃப்ரீனும் ஒன்பதாம் தேதி உட்கார்ந்து பிரித்துக்கொள்ள வேண்டும்.

ஆஃப்ரீன் இனிமேல் மங்கல் என்றால் மங்கல் என்று சொல்ல வேண்டும். கனவு என்று சொல்லக் கூடாது. இதை அவளிடம் நேரிலேயே சொல்லிவிட்டேன். சிரித்தாள். ஒப்புக்கொண்டாள்.

ஈரம் எவ்வளவு என்று காட்டுகிற மீட்டர் ஒன்றை இரம் வரவழைக்க வேண்டும். அவளிடம் படம் காட்டிவிட்டேன். தினம் காலையில் அதைப் பார்த்து எழுதி வைக்க வேண்டியது நான்.

ஆறு பெட்டியின் தையலையும் நான் பிரித்துவிட்டேன். நான்கு மாதம் தைத்ததைப் பிரிக்க ஒன்றரை நாள்தான் ஆனது. அந்தத் தோலில் லைட் ஸ்டாண்டு காலில் போடுகிற மணல் மூட்டைகள் தைக்கிறேன். இரண்டு பெட்டிக்கு ஒரு மூட்டை. மூன்று வரும். கண்ணாடி வைக்கத்தான் ஆகாது, மணல் வைக்க இதைவிட நல்ல தோல் கிடையாது. மணலைக் காய வைத்து நிரப்ப வேண்டியது நீ. உன் பாதிக்கு அதுதான் தண்டனை.

ஏழாவது பெட்டியைப் பிரிக்கவில்லை. கடைக்குள் நுழைந்ததும் கண்ணில் படுகிற மாதிரி, பெட்டியைத் திறந்து வைத்து, பக்கத்தில் எழுபத்தைந்தையும் ஒரு டார்ச்சையும் வைக்க வேண்டும். வாடகைக்கு வருகிற ஒவ்வொருவரும் டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும். மேலே ஒரு காகிதம் ஒட்ட வேண்டும். அதை நானே எழுதிவிட்டேன்: "இந்த லென்ஸைக் கெடுத்தது இந்தப் பெட்டி. பெட்டியைச் செய்து, பார்த்து, பாஸ் செய்தது நான்." கீழே என் கையெழுத்தும் போட்டுவிட்டேன். முழுப் பெயர், இனிஷியலோடு. யாரும் காகிதத்தை நீட்டிப் போட்ட கையெழுத்து இல்லை.

கடைசியாக, போன். யார் முதலில் என்ற பேச்சே இல்லை, நீதான் கூப்பிட வேண்டும். ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு. எடுக்க வேண்டியது நான்.

உன் அக்கா
ஜெ. சம்பூர்ணம்